கெஸ்ட்ரல் கப்பலின் குரல்

வெண்டல் இஷிடா முதன்முதலில் தொலைபேசியில் அழைத்தபோது நான் ஹாலிவுட்டுக்குப் பக்கத்தில் க்ளெண்டேல் வீட்டுச் சமையலறையில், அரிசி வைத்துச் சுருட்டுவதற்காகத் திராட்சை இலைகளை உப்புநீரிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். கை ஈரம். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, "யாரு?" என்றேன்.

அந்தப் பக்கம் ஓர் இளைஞனின் குரல், கொஞ்சம் நடுங்கி: "மேடம், மன்னிச்சுக்கோங்க. நீங்க 'யாரு'ன்னு சொன்னதும் எனக்குப் பேச வரல. நிஜமாவே நீங்கதானா?"

இந்த மாதிரி அழைப்புகள் எனக்குப் பழக்கம்தான். 1975இலிருந்து மூன்று ஆண்டுகள் தொலைக்காட்சியில் ஓடிய 'கெஸ்ட்ரல்' தொடரில், அந்த விண்கப்பலின் கணினிக்குக் குரல் கொடுத்தவள் நான். ஆர்லீன் மனூகியன். திரையில் என் முகம் ஒருமுறைகூட வந்ததில்லை. பர்பாங்கில் அலமாரி அளவு அறை ஒன்றில் உட்கார்ந்து, கேப்டன் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். அந்த நட்சத்திரம் எவ்வளவு தூரம், இந்த விஷத்துக்கு மாற்று என்ன, பிராணவாயு எத்தனை மணி நேரம் தாங்கும். எனக்கு ஒன்றும் தெரியாது. யாரோ எழுதித் தந்ததைப் படித்தேன். அதற்கு முன் ஃப்ரெஸ்னோவில் தொலைபேசி எண் விசாரிப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். "சர்ச் பக்கத்துல ஒரு முடிவெட்டுற கடை, பேரு மறந்துபோச்சு" என்று ஆட்கள் கேட்பார்கள், நான் தேடி எண்ணைச் சொல்வேன். அந்த வேலையில் வந்த நிதானக் குரலைக் கேட்டுத்தான் தயாரிப்பாளர் என்னை எடுத்தார்.

வெண்டல் சன்னிவேலில் ஒரு நிறுவனத்தில் பொறியாளன். எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் இயந்திரம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கதையில் வருவது போல இல்லை, நிஜமாகவே. கைப்பேசியை எடுத்துக் கேட்டால் அது வாய்விட்டுப் பதில் சொல்லும். அதற்குக் குரல் வேண்டும்.

"எங்க குழுவுல பதினோரு பேர் மேடம். எல்லாரும் கெஸ்ட்ரல் பாத்து வளந்தவங்க. வேற குரலை யாரும் யோசிக்கக்கூட இல்ல."

இலைகள் கையிலேயே காய்ந்தன. என் கணவர் ஹைக் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் பிறகு என்னிடம் யாரும் அவ்வளவு ஆசையாக எதையும் கேட்டதில்லை.

அடுத்த வாரம் அவனே க்ளெண்டேலுக்கு வந்தான். நான் சுருட்டி வைத்த இலைகளில் பதினாறைத் தின்றான். தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, மடிக்கணினியைத் திறந்தான்.

"எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. ஒன்பது வயசுல, மறுஒளிபரப்புல பாத்தது. இன்னிவரைக்கும் கேட்டா கையில மயிர் சிலுத்துக்குது. கேளுங்க."

ஒலியை மட்டும் ஓடவிட்டான். எரிந்துபோன கப்பல். கேப்டன் இருமிக்கொண்டே கேட்கிறார்: "கணினி, கப்பலில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்?"

"ஒருவர், கேப்டன்." ஒரு சின்ன மூச்சு. "நீங்கள்."

"அந்த மூச்சு!" என்றான் வெண்டல். கண் கலங்கியிருந்தது. "கணினிக்கு எதுக்கு மூச்சு? ஆனா அந்த ஒரு மூச்சுல அதுக்கும் வருத்தம்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுது. அன்னிக்குத்தான் நான் இந்த வேலைக்கு வரணும்னு முடிவு பண்ணேன். அதை எப்படி மேடம் யோசிச்சீங்க?"

அந்த மூச்சு என்னுடையது இல்லை. கொரின் ஹாட்ஜுடையது.

மூன்றாம் ஆண்டில் என் தொண்டையில் ஒரு முடிச்சு வந்தது. அறுவை செய்தார்கள், ஆறு வாரம் வாயைத் திறக்கக் கூடாது. அப்போது நானும் கொரினும் ஹாலிவுட்டில் ஒரே அறையில் குடியிருந்தோம். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல உடை. யாருக்கு நடிப்புத் தேர்வு இருக்கிறதோ அவள் போட்டுக்கொண்டு போவாள். வேலை கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று நான்தான் ஒலிப்பதிவாளரிடம் அவள் பெயரை எழுதிக் கொடுத்தேன். நான்கு பகுதிகளுக்கு அவள் குரல் கொடுத்தாள். திரையில் பெயர் மட்டும் என்னுடையதாகவே ஓடியது.

திரும்பி வந்தபோது தயாரிப்பாளர் என்னைப் பார்த்து, "எங்கயாவது ஊருக்குப் போயிருந்தியா என்ன?" என்று கேட்டார். நேயர் கடிதங்கள் மூட்டையாக வந்தன. ஒருவர்கூடக் குரல் மாறியதைக் கண்டுபிடிக்கவில்லை. எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன். 'உயிரோடு இருப்பவர் எத்தனை' பகுதிக்குத்தான் அதிகக் கடிதங்கள். அந்த மாதமே அறையைக் காலி செய்தேன். கொரினிடம் காரணம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு முப்பத்துமூன்று ஆண்டுகள் அவளோடு பேசவில்லை. விமான நிலையங்களில் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று அறிவிக்கும் குரலாக அவள் பிறகு பிழைத்தாள் என்று தெரியும். ஒருமுறை டென்வரில் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, என் விமானத்தில் ஏறும் நேரம்வரை கழிவறைக்குள் போய் நின்றுகொண்டேன்.

வெண்டல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது… தானா வந்துது" என்றேன்.

பச்சைப் பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. ஒரு விதத்தில் தானாக வந்ததுதான். அந்த வரியில் அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது, திரும்பப் பதிவு செய்ய நேரமில்லை என்று ஒலிப்பதிவாளர் எனக்குச் சொல்லியிருந்தார். ஆனால் வெண்டல் கேட்டது அதை இல்லை.

பதிவு மூன்று வாரம் நடந்தது. தினமும் நான்கு மணி நேரம், பர்பாங்கிலேயே ஒரு கூடத்தில். அர்த்தமுள்ள வாக்கியங்கள் இல்லை. 'ஊதா வாத்துக்கு வியாழக்கிழமை ஏழு ஏணி' என்பது போல ஆயிரக்கணக்கில். ஒலிகள் எல்லாம் எல்லாச் சேர்க்கையிலும் வர வேண்டுமாம். பிறகு அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி, தேவைப்படும்போது ஒட்டிக்கொள்வார்கள். குரல் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. மைக்குக்கும் உதட்டுக்கும் ஒரு சாண். நான் ஒரு நாள்கூடத் தவறு செய்யவில்லை. மனதுக்குள் மட்டும் ஒரு கணக்கு: இது வெளியே வந்துவிட்டால் உலகத்தில் உள்ள எல்லாக் கேள்விக்கும் பதில் என் வாயிலிருந்து. அவள் விமான நிலைய வாசல் எண்களை மட்டும் சொல்லிக்கொண்டு கிடக்கட்டும்.

வெண்டல் இடையிடையே வந்து கேட்டுவிட்டு, "பிரமாதம்" என்பான். பிறகு தலையைச் சொறிவான். "ஏதோ ஒண்ணு குறையுது. வயசா இருக்குமோ? தப்பா எடுத்துக்காதீங்க மேடம்." நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன், காட்டிக்கொள்ளவில்லை.

சோதனை நாளில் என்னைச் சன்னிவேலுக்கு அழைத்துப் போனார்கள். குழு முழுவதும் ஒரு அறையில் கூடியிருந்தது. பெரிய திரை. இயந்திரம் என்ன செய்கிறது என்று வெண்டல் விளக்கினான்: அதற்கு எதுவும் தெரியாது. லட்சக்கணக்கான பக்கங்களைப் படித்து வைத்திருக்கிறது. கேள்வி வந்ததும் இது பதிலாக இருக்குமோ, அது இருக்குமோ என்று நூற்றுக்கணக்கில் அள்ளிக்கொண்டு வரும். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நம்பலாம் என்று மதிப்பெண் போடும். முதலில் நிற்பதைச் சொல்லும். மற்றவை திரையில் வரிசையாகத் தெரியும்.

"முதல் கேள்வி நீங்கதான் கேக்கணும் மேடம்."

வானிலையைக் கேட்டிருக்கலாம். பெருவின் தலைநகரைக் கேட்டிருக்கலாம். நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"கெஸ்ட்ரல் கப்பலின் கணினிக்குக் குரல் கொடுத்தது யார்?"

"ஆர்லீன் மனூகியன்" என்றது இயந்திரம், என் குரலில்.

எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். நான் சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே எண்பத்தொன்று. அதற்குக் கீழே இன்னொரு பெயர். அதற்குப் பதினான்கு.

"யாரு அது கொரின் ஹாட்ஜ்?" என்றாள் பின்வரிசையில் ஒரு பெண், சாதாரணமாக.

வெண்டலும் சாதாரணமாகத்தான் இயந்திரத்தின் பக்கம் திரும்பினான். "கொரின் ஹாட்ஜ் யார்?"

"கொரின் ஹாட்ஜ் ஒரு குரல் கலைஞர். கெஸ்ட்ரல் தொடரின் மூன்றாம் ஆண்டில் ஒன்பதாவது பகுதி முதல் பன்னிரண்டாவது பகுதி வரை கணினிக்குக் குரல் கொடுத்தார்."

முப்பத்துமூன்று ஆண்டுகளாக என் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததில்லை. பதிவுக் கூடத்திலும் நான் அதைச் சொல்லவில்லை. 'கொ'வை ஓர் இடத்திலும் 'ஹா'வை இன்னோர் இடத்திலும் வெட்டி எடுத்து, என் குரலை வைத்தே அவள் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

வெண்டல் மெதுவாகக் கேட்டான். "பதினொண்ணாவது பகுதி… அதானே மேடம்? 'ஒருவர், கேப்டன்'?"

"எனக்கு அப்போ தொண்டையில ஆபரேஷன்."

"நீங்க சொல்லவே இல்லையே."

"நீ கேக்கவே இல்லையே. எப்படி யோசிச்சீங்கன்னுதான் கேட்ட."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். தரையைப் பார்த்தபடி, "காப்பி குடிக்கிறீங்களா?" என்றான். திரும்பும் விமானத்தில் எனக்கு ஜன்னலோர இருக்கை. கீழே வழிநெடுக மேகம்.

பதினைந்து நாளில் செய்தி வந்தது. கொரினைத் தேடிப் பிடித்திருந்தார்கள். வென்ச்சுராவில் கடற்கரைப் பக்கம் தனியாக இருக்கிறாளாம். அவளுடைய குரல் மாதிரியையும் என்னுடையதையும் இருநூறு பேருக்குப் போட்டுக் காட்டினார்கள். யார் சொன்னால் நம்புவீர்கள் என்று கேட்டார்கள்.

"நூத்து நாப்பத்திரெண்டு பேர் அவங்களை…" என்று வெண்டல் இழுத்தான்.

"எண்ணிக்கையெல்லாம் எனக்கெதுக்கு? சம்பளம் குடுத்துட்டீங்க. வேலை முடிஞ்சுது" என்று போனை வைத்தேன். வைத்த பிறகு கெஸ்ட்ரல் பழைய நாடாக்கள் இருந்த பெட்டியை எடுத்து, பதினொன்றாம் பகுதியை மட்டும் உருவி, குப்பைத் தொட்டியில் போட்டேன். மேலே தக்காளித் தோலைக் கொட்டினேன். என் வயதில் ஒருத்தி செய்யும் காரியமா இது? செய்தேன்.

அடுத்த பத்து நாளும் அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொண்டேதான் சாப்பிட்டேன், குளித்தேன், பேருந்தில் போனேன். என் ஊதா வாத்தை அவள் படித்துக்கொண்டிருப்பாள். ஒலிப்பதிவாளர் என்னிடம் சொன்ன அதே சிரிப்புத் துணுக்கை அவளிடமும் சொல்லியிருப்பார். அவள் என்னைவிட அழகாகச் சிரித்திருப்பாள். அவள் எப்போதுமே அழகாகச் சிரிப்பாள்.

பதினோராம் நாள் வெண்டல் மறுபடி அழைத்தான்.

"மேடம், ஒரு உதவி. கேக்கவே வெக்கமா இருக்கு. கொரின் மேடத்துக்கு ஒவ்வொரு நாளும் குரல் ஒவ்வொரு மாதிரி வருது. நேத்து வெட்டினதும் இன்னிக்கு வெட்டினதும் ஒட்டவே மாட்டேங்குது. நீங்க வந்தாத்தான் முடியும்னு சொல்றாங்க."

"நானா? அவ என்ன சொன்னா, அப்படியே சொல்லு."

"'ஆர்லீன் இல்லாம எனக்கு அந்தக் கப்பல் பொம்பளையா இருக்கத் தெரியாது'ன்னாங்க."

முடியாது என்றுதான் வாய்வரை வந்தது. ஆனால் அவள் திணறுவதைக் கண்ணால் பார்க்க ஒரு வாய்ப்பு. உண்மையைச் சொல்வதென்றால், அதற்காகத்தான் போனேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மெலிந்த பெண், ஒட்ட வெட்டிய வெள்ளைத் தலை. மூக்கில் பிராணவாயுக் குழாய். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அதைக் கழற்றி வைத்தாள், சொல்லி முடித்ததும் மாட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்ததும் ஹெட்போனைக் கழற்றினாள்.

"குண்டாயிட்ட, ஆரி."

"நீ காஞ்சுபோயிட்ட."

"சிகரெட்டு. நாப்பது வருஷம். உக்காரு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ ஏன் போனேன்னு சொல்லவே இல்லையே. உன் ஷாம்பூவை நான்தான் எடுத்துக்கிட்டிருந்தேன்னு கண்டுபிடிச்சிட்ட போலிருக்குன்னு நெனச்சேன். ரெண்டு வருஷம் அதை நெனச்சு வருத்தப்பட்டேன்டி."

"ஷாம்பூவை எடுத்தது நீயா?"

"அப்போ அதுக்கில்லையா?"

வெண்டல் கண்ணாடிக்கு வெளியே ஒரு காகிதத்தைப் படிப்பது போல நின்றுகொண்டிருந்தான். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"அந்த நாலு பகுதி. நீ பேசினது யாருக்கும் வித்தியாசமே தெரியல. நான் இல்லாதது ஒருத்தனுக்கும் தெரியல. அதான்."

கொரின் குழாயைக் கழற்றினாள். "தெரியக் கூடாதுன்னுதானே நான் உழைச்சேன்! உன் நாடாவைப் போட்டுப் போட்டுத் தேஞ்சே போச்சு. நீ 'கேப்டன்'னு சொல்லும்போது 'ப்'ல உதட்டை எவ்வளவு நேரம் மூடி வெப்பேன்னு கண்ணாடி முன்னாடி நின்னு பழகினேன். உன் வேலை போயிடக் கூடாதுன்னு. அவ்வளவு நல்லா செஞ்சேன், ஒரு கடுதாசி, ஒரே ஒரு கடுதாசி என் பேருக்கு வந்துதா? எல்லாம் உனக்கு. நீ படிச்சிட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போயிட்ட." அவளுக்கு இருமல் வந்தது. இருமி முடித்து, "உன் மேல எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமா?" என்றாள்.

"எனக்கு உன் மேல இருந்ததைவிடவா?"

"சண்டையை அப்புறம் போடலாம். எனக்கு இருபது நிமிஷத்துக்கு மேல மூச்சு தாங்காது. நீ சொல்லு, நான் பின்னாடியே சொல்றேன்."

முதல் வாக்கியத்தை நான் வேண்டுமென்றே வேகமாகப் படித்தேன். அவள் அப்படியே வேகமாகச் சொன்னாள். இரண்டாவதை அசட்டையாகப் படித்தேன். அவளும் அசட்டையாகச் சொன்னாள். ஒலிப்பதிவாளர் முகத்தைச் சுளித்தார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே உடம்பு கூசியது. அவள் தப்பாகச் சொன்னதால் இல்லை. சரியாகச் சொன்னதால். என் அசட்டைத்தனம் அப்படியே வெளியே வந்து நின்றது. மூன்றாவதை ஒழுங்காகப் படித்தேன்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. "அங்க இழுக்காத. அது வாத்து, தேவதை இல்ல." "ஏழுல நாக்கை மடக்கு." "நேத்து மாதிரியே சொல்லு, நேத்து மாதிரின்னா என்னை மாதிரி." அவள் திட்டுவாள், குழாயை மாட்டுவாள், கழற்றுவாள், சொல்வாள். ஐந்து வாரம் போனேன். க்ளெண்டேலிலிருந்து பர்பாங்குக்குப் பேருந்தில் கால்மணி நேரம். மதியம் அவளுக்கு நான் கொண்டுபோனதைத்தான் சாப்பிட்டாள். தினமும் ஒரு தடவையாவது, இந்த வார்த்தையை நான் இவளைவிட நன்றாகச் சொல்வேன் என்று தோன்றும். சில சமயம் அது உண்மை. பல சமயம் இல்லை. அவள் சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அப்படி இருக்க வேண்டும் என்று எனக்கே தெரிந்தது. அந்த நாள்களில் பேருந்தில் யாரோடும் பேசாமல் வருவேன்.

கடைசி நாள் வெண்டல் கேக் வாங்கி வந்தான். என் சம்பளச் சீட்டில் என்ன வேலை என்று எழுதுவது என்று தெரியாமல் கேட்டான்.

"ஷாம்பூக்காரின்னு போடு" என்றாள் கொரின்.

இலையுதிர் காலத்தில் அந்தக் கைப்பேசி கடைக்கு வந்தது. குரல் யாருடையது என்று நிறுவனம் வெளியே சொல்லவில்லை. நாங்களும் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். திரையிலும் பெயர் ஓடப்போவதில்லை. இந்தத் தடவை இருவருக்குமே இல்லை. அதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் இருந்ததை மறைக்கவில்லை.

நவம்பரில் கண் மருத்துவமனையில் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெண், மடியில் தூங்கும் குழந்தை. கைப்பேசியை வாயருகே வைத்து, குழந்தை விழித்துக்கொள்ளாதபடி கிசுகிசுப்பாகக் கேட்டாள்: "பதினெட்டு மாசக் குழந்தை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தூங்கணும்?"

"பொதுவாகப் பதினொன்று முதல் பதினான்கு மணி நேரம்" என்றது கொரினின் குரல்.

"தேங்க்யூ" என்றாள் அந்தப் பெண், இயந்திரத்திடம். மனசார.

எனக்குள் பழைய இடத்திலேயே குத்தியது. அதெல்லாம் போய்விட்டது என்று நினைத்திருந்தேன், போகவில்லை. வெளியே வாசலுக்கு வந்து கொரினுக்குப் போன் போட்டேன்.

"ஒருத்தி உனக்குத் தேங்க்யூ சொன்னா."

"எனக்கா? எதுக்கு?"

"குழந்தை தூங்குறதுக்கு."

"எப்படிச் சொன்னேன், நல்லாருந்துதா?"

"'பதினான்கு' கொஞ்சம் தட்டையா இருந்துது."

"பதினான்கு நீ சொல்லிக்குடுத்ததுடி! மூணாவது வாரம், செவ்வாய்க்கிழமை. உனக்கு அன்னிக்கு ஜலதோஷம்."

"எனக்கு ஜலதோஷமே இல்ல."

"இருந்துது. மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருந்த. வெண்டலைக் கேளு."

உள்ளே செவிலி என் பெயரைக் கூப்பிட்டாள். மனூகியன் என்பதைத் தப்பாக உச்சரித்தாள். கொரின் இன்னும் அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். செவிலி இரண்டாம் முறை கூப்பிடும்வரை நான் போனை வைக்கவில்லை.